சாடிக் கீரை

நிந்தவூரில் பஸ் ஏறிய தாயும் மகளும் எனக்கு முன்னிருக்கையில் இருந்தார்கள். மகள் கம்பஸில் விவசாயம் படிப்பவள்.

“சாடிக் கீரைய ஏன் உம்மா ஆய்ஞ்சீங்க? கல்சியம் செடிக்குள்ள எங்க போகுதெண்டு பார்க்க, அதப்போல இருக்கிற ஸ்ட்ரோன்சியம் எண்ட இரசாயனத்த ஊத்தி வெச்சிருந்தன்.”

“தேங்காப்பூப் போட்டுச் சுண்டலாக்கி பக்கத்து ஊட்டுக்கும் குடுத்துட்டேனே! அங்க மருமகள் புள்ளத்தாச்சி.”

“கொஞ்சந்தான் ஊத்தின. ஒண்டும் செய்யாதெண்டு நினைக்கிறன்.”

“நினைக்கிறியா? அது மனிசர்ர உடம்புல எங்க போகும்?”

“கல்சியம் போற இடத்துக்குத்தான். எலும்புக்கு.”

“வயித்துப் புள்ளைக்கும் எலும்பிருக்கே, மகள்.”

தாய் பக்கத்து வீட்டுக்குப் போன் எடுத்தார்.

“ராத்தா, அந்தச் சுண்டல மருமகள் திண்டுட்டாளா?”

கொஞ்ச நேரம் கேட்டிருந்துவிட்டு மகளிடம் திரும்பினார்.

“ரெண்டு நாளாச் சோறு இறங்காதவ, வழிச்சுத் திண்டாளாம். எனக்காகக் கையேந்தி துஆ கேக்கிறாளாம்.”