என் பையன் பிரெஞ்சு படிக்கிறான்

இது பஸ்ஸா, சோளப்பொரி மெஷினா? என்னா குலுக்கு குலுக்குது! உக்காருங்கம்மா, பையை நான் எடுத்துக்கறேன். எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல பாருங்க, ரெண்டு வாரமாத்தான் பஸ்ஸு. வேன் இருக்கு எனக்கு. இருக்குன்னா... ஸ்கூல்ல இருக்கு. அதோட இஞ்சின் பக்கத்து மேசையில இருக்கு.

சிரிக்காதீங்க, கேளுங்க. என் பையன் வெஸ்லி ஸ்கூல்ல கடைசி வருஷம். கால்குலஸ், கெமிஸ்ட்ரி, பிரெஞ்சு, அப்புறம் கார் ரிப்பேர் வகுப்பு... துரை எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கிட்டாரு. சாப்பாட்டுத் தட்டுலயே தூங்கி விழறான். காலேஜுக்கு வழி சொல்றதுக்குன்னு அங்க ஒரு அம்மா இருக்காங்க, மிஸஸ் ஹேவர்கேம்ப். கூப்பிட்டு, "ஒண்ணை விட்டுடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள விட்டா காலேஜுக்குத் தெரியாது. அப்புறம் விட்டா, பாதியில ஓடினவன்னு மார்க் ஷீட்ல நிக்கும்"னாங்க.

இவன் உடனே, "பிரெஞ்சை விடறேம்மா, காலேஜ் கேக்கற அளவு படிச்சாச்சு"ங்கறான். அந்தம்மாவும் தலையாட்டுது. நான் விடுவேனா? என் நாத்தனார் ட்ரூடி இருக்காளே, மகாராணி... அவ பொண்ணு பிரெஞ்சு பேசுதுன்னு சர்ச்சு பூராவும் தம்பட்டம். என்னத்தப் பேசுது? குட்மார்னிங் சொல்லுது, அவ்வளவுதான்! அவ முன்னாடி போயி, என் பையன் பிரெஞ்சை விட்டுட்டு ஸ்பேனர் பிடிக்கிறான்னு சொல்லணுமா நான்? கிரீஸ் கையோட போனா எந்த காலேஜு கதவைத் திறக்கும்? கார் வகுப்பை விடுன்னுட்டேன். பெத்தவங்க கையெழுத்து வேணும்னாங்க. பேனாவையும் நானே கொண்டுபோயிருந்தேன்.

"அம்மா, அந்த வேனு..."ன்னு ஏதோ சொல்ல வந்தான். "வேனாவது வெங்காயமாவது!"ன்னேன். முகம் வாடிப்போச்சு பிள்ளைக்கு. பாவமாத்தான் இருந்துச்சு... ஆனா சொன்னதைத் திரும்ப வாங்கறது நம்ம வம்சத்துலயே கிடையாதே.

வேன் என்னன்னா... அந்த வகுப்புல வீட்டு வண்டியையே பிரிச்சுப்போட்டுக் கத்துக்குடுப்பாங்க. கூலி கிடையாது. ஓசின்னா விட முடியுமா? ரெண்டு வாரம் முன்னாடி, ஸ்கூல் திறந்ததுமே நான்தான் இழுத்துட்டுப் போயி விட்டேன். இப்ப வாத்தியார் நோவாக்குக்கு போன் பண்ணி, வண்டி எப்போ கிடைக்கும்னு கேட்டா, "உங்க பையன் இஞ்சினைத் திரும்ப மாட்டி முடிச்சதும்"ங்கறாரு. அவன்தான் விட்டுட்டானேன்னேன். "அப்போ அவன் இங்க ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடக்கூடாதும்மா, இன்ஷூரன்ஸ் ஒத்துக்காது. மத்த பிள்ளைங்க கையில அவங்கவங்க வீட்டு வண்டி இருக்கு"ங்கறாரு. சரி, திரும்பச் சேத்துக்கோங்கன்னு கெஞ்சினேன். இடம் காலியான அன்னிக்கே ஒரு பிள்ளை வந்து உக்காந்துடுச்சாம்.

யாருங்கறீங்க? ட்ரூடி பொண்ணு! பிரெஞ்சை விட்டுட்டு வந்திருக்கா!

ஐயோ, அதுகூடப் போகட்டும்மா... காலேஜ்ல இடம் கேக்கறதுக்குத் தன்னைப் பத்தி ஒரு கட்டுரை எழுதணும்ல? வெஸ்லி எதைப் பத்தி எழுதியிருக்கான்னு நேத்துதான் ஹேவர்கேம்ப் சொல்றாங்க. அந்த வேனைப் பத்தி. இவங்கப்பா தவறினப்புறம் நான் அதுல ரெண்டு வேலைக்கு ஓடினதை, பனியில அது நின்னுபோனா நான் அதைத் திட்டற திட்டை... எல்லாம் எழுதியிருக்கானாம். கடைசியை மட்டும் எழுதல. வண்டி கிளம்பற அன்னிக்கு எழுதலாம்னு வெச்சிருந்தானாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானா? சொல்லத்தான் வந்தான்... நான் எங்க கேட்டேன்?

என்ன, எந்திரிச்சுட்டீங்க? உங்க ஸ்டாப் இன்னும் தள்ளின்னீங்களே... சரி சரி, இந்தாங்க பை. ஒரே ஒரு விஷயம்மா! தெரிஞ்ச மெக்கானிக் யாராவது இருந்தா சொல்லுங்க. வண்டியை, இஞ்சினோட வீட்டுக்கே இழுத்துட்டு வந்துடறேன். வேலை அவர் செய்ய வேண்டாம், வெஸ்லி செய்வான். பக்கத்துல நின்னாப் போதும். ஆமா... பிரெஞ்சு தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்ல.