மூன்று பனிவண்டிகளும் ஓர் ஆறும்

— கோளாறு பிளக்குல இல்ல, அக்கா. புது பிளக்கை மாட்டி ஒரு மணி நேரமாச்சு. நெருப்பே வரல.

— அப்ப கார்புரேட்டரா இருக்குமோ?

— நெருப்பு வராததுக்கும் கார்புரேட்டருக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் நீ சொன்னியேன்னு ரெண்டு தடவை கழட்டி மாட்டியாச்சு. விரல் நுனியில உணர்ச்சியே இல்ல.

— நான் என்னத்தைக் கண்டேன், ஆஸ்லத். கேட்கத்தான் செய்யறேன்.

— கேளு, தப்பில்ல. ஆனா எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. முதல்ல நெருப்பு, அப்புறம் பெட்ரோல், அப்புறம் காத்து. போன மாசம் மாவட்டக் கூட்டத்துல இதைத்தான் திரையில படம் போட்டு விளக்கினேன். மான் மேய்க்கிறவன் ஒவ்வொருத்தனும் பாதி மெக்கானிக்கா இருக்கணும்னு சொன்னதும் கைதட்டல் அடங்க நேரமாச்சு.

— அந்தக் கூட்டத்துக்கு நீ பஸ் ஏறித்தானே போனே?

— அன்னைக்கு வண்டி ரிப்பேர்.

— என்னைக்குத்தான் இல்ல? மஞ்ச வண்டியில பிஸ்டன் உருகிப்போச்சு. அதை எழுப்பறேன்னு கறுப்பு வண்டியோட வயித்தைக் கிழிச்சே. இப்ப ரெண்டும் சேர்ந்து படுத்திருக்கு. மிச்சம் இந்தப் பச்சை. நேத்து வரைக்கும் இருமிக்கிட்டாவது இருந்துச்சு.

— இன்னைக்கு மூச்சே இல்ல. அதான் புரியல. மூணு வண்டியோட காயிலையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துட்டேன். வயரை ஒவ்வொண்ணா தடவிப் பார்த்துட்டேன். கொட்டகைக்குள்ள ஒண்ணும் தெரியல, விளக்கை இந்தப் பக்கம் பிடி. இந்தப் பக்கம், அக்கா. என் மூஞ்சியில அடிக்காதே.

— கொஞ்சம் உட்காரேன். உனக்குப் பிடிச்ச மாதிரி காபியில பாலாடைக்கட்டி போட்டு வெச்சிருக்கேன், காஞ்ச கறியும் இருக்கு.

— உட்கார நேரமில்ல. ஆத்து மேல இருக்கிற பனிக்கட்டி இன்னும் ரெண்டு நாள் தாங்கினா அதிகம். நேத்து மத்தியானமே கரையோரமா நீலம் தெரிஞ்சுதுன்னு சொன்னாங்க. நம்ம குழுவோட மொத்த மான் கூட்டமும் மேட்டுல நிக்குது, அத்தனையும் சினை. இந்தக் கரையிலயே குட்டி போட ஆரம்பிச்சுதுன்னா ஒண்ணு தேறாது. ஈரப்பனியில விழற குட்டி எழுந்திருக்கிறதுக்குள்ள கழுகு வந்துடும். ஆத்தைத் தாண்டிட்டா கடற்கரைப் பக்கம் புல்லு வந்திருக்கும். எப்படியும் நான் போய்ச் சேரணும்.

— மேட்டுல உன் பொண்டாட்டி மாரெத் இருக்காளே.

— அவ ஒருத்தி என்ன பண்ணுவா? ஒம்போது நாளா தனியா குடிசையில கிடக்கா. தலைவன்னு நான் ஒருத்தன் முன்னால நின்னாத்தானே கூட்டம் நகரும்?

— ஒம்போது நாளைக்கு முன்னாடி அவளை அங்க விட்டுட்டு, நாளைக்கே வண்டியோட திரும்பி வர்றேன்னு சொல்லிட்டு வந்தே.

— வண்டியோடன்னுதானே சொன்னேன். வண்டி எங்க?

— சரிதான். பெரும்பாலும் காதுல அவ அடையாள வெட்டு இருக்கிற மானுங்க. அவளுக்கு இல்லாத கவலையா.

— கணக்கைப் பத்திப் பேசாதே. யாருக்கு எத்தனை மான்னு வாயால சொல்ற பழக்கம் நம்ம வீட்டுல கிடையாது.

— அதனாலதான் உனக்கு எத்தனைன்னு நான் ஊருல யார்கிட்டயும் சொல்றதில்ல.

— அந்தப் பத்து நம்பர் ஸ்பேனரை எடு. கிண்டல் பண்ண நல்ல நேரம் பார்த்தே. மாரெத் போனை எடுத்தாலாவது என்ன நிலைமைன்னு தெரியும். மூணு நாளா எடுக்கல. சார்ஜ் தீர்ந்திருக்கும்.

— இருக்கும்.

— இல்ல டவர் கிடைக்காது. மேட்டுல எப்பவும் தகராறு.

— அதுவும் இருக்கும்.

— நீ என்ன, எல்லாத்துக்கும் இருக்கும் இருக்கும்ங்கிற. கவலையா இருக்கு, அக்கா. போன வருஷம் மாதிரி ஆயிடக் கூடாது.

— போன வருஷம் என்ன ஆச்சு?

— என்ன கேள்வி இது? பருவநிலை. ஆறு வழக்கத்தைவிட பத்து நாள் முன்னாடியே இளகிப்போச்சு. பத்திரிகையிலயே வந்துச்சே.

— பத்திரிகையில உன் போட்டோதான் வந்துச்சு. கையைக் கட்டிக்கிட்டு ஆத்தைப் பார்க்கிற மாதிரி. ஆத்துக்குள்ள போன முப்பத்தொரு மானோட போட்டோ வரல.

— அக்கா.

— நானும் கரையில நின்னேன், ஆஸ்லத். மாரெத் காலுல பனிச் சறுக்குக்கட்டை மாட்டிக்கிட்டு முன்னால போறா. அவ கையில, மணி கட்டின அந்தப் பெரிய கிடா மானோட கயிறு. பின்னால கூட்டம் ஒத்தை வரிசையா, கோயிலுக்குப் போற சனம் மாதிரி அமைதியா வருது. பனிக்கட்டி சின்னதா முனகுது, ஆனா தாங்குது. பாதி ஆறு தாண்டியாச்சு. அப்ப நீ பின்னால இருந்து இந்தப் பச்சை வண்டியை முறுக்கிக்கிட்டு வந்தே.

— வெயில் ஏறிக்கிட்டிருந்துச்சு. வேகப்படுத்தலாம்னுதான்.

— வண்டி வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம் விட்டுச்சு. மொத்தமும் மிரண்டு நடுவுல ஒரே இடத்துல குமிஞ்சுது. அவ்வளவு பாரத்தை எந்தப் பனிக்கட்டி தாங்கும்? வேணும்ங்கிறப்ப ஒரு நாளும் ஓடாத வண்டி, வேண்டாத அன்னைக்கு ஜம்முனு ஓடுச்சு.

— அதுக்குத்தான் நான் வருத்தம் தெரிவிச்சாச்சே.

— எங்க?

— மாவட்டக் கூட்டத்துல. தீர்மானமா எழுதியே வெச்சிருக்காங்க.

— வீட்டுல?

— வீட்டுல என்ன தனியா? மாரெத்தும் அந்தக் கூட்டத்துலதான் உட்கார்ந்திருந்தா. கடைசி வரிசையில.

— முப்பத்தொண்ணுல அந்த மணி மானும் ஒண்ணு. அவ கல்யாணமாகி வரும்போது குட்டியா கூட்டிக்கிட்டு வந்தது. பதினாலு வருஷம் இந்தக் கூட்டத்துக்கு அதுதான் முன்னால நடந்துச்சு. அந்த மணி ஓசைக்குத்தான் மானுங்க வந்துச்சு, உன் ஹார்னுக்கு இல்ல.

— வேற கிடாவைப் பழக்கிக்கலாம்னு சொன்னேன்.

— அவ என்ன சொன்னா?

— சறுக்குக்கட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டா. அன்னையிலிருந்து அவ அதிகமா ஒண்ணும் சொல்றதில்ல. ஏன் இதையெல்லாம் இப்பக் கிளறுறே? இந்த வருஷம் முறையா பண்ணப் போறேன். ரெண்டு பக்கமும் ரெண்டு வண்டி, பின்னால ஒரு வண்டி, நடுவுல கூட்டம். படம் வரைஞ்சு வெச்சிருக்கேன்.

— மூணு வண்டியும் ஓடினா நல்லாத்தான் இருக்கும்.

— இன்னைக்கு ஒண்ணு ஓடினா போதும்.

— இஸ்கோ ஒரு வண்டி தர்றேன்னு சொல்லி அனுப்பினானே, போன வாரம்.

— இஸ்கோகிட்டயா? பக்கத்துக் குழுக்காரன்கிட்ட தலைவன் போய் வண்டி கேட்டு நிக்கிறதா? அவனே இன்னும் சறுக்குக்கட்டையில சுத்தறவன். வண்டி வெச்சிருந்தும் ஓட்டத் தெரியாது. மான் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பாட்டுப் பாடிக்கிட்டே போறான். கூட்டத்துல இதைச் சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க.

— அவன் மான் ஒண்ணுகூட ஆத்துல போனதில்ல.

— அதிர்ஷ்டம்.

— பத்தொம்பது வருஷமாவா?

— பேசாம சறுக்குக்கட்டையில நானே போயிடட்டுமா? நாப்பது கிலோமீட்டர். இப்பக் கிளம்பினா ராத்திரி போய்ச் சேர்ந்துடலாம். வண்டி இல்லாம அவ முன்னால போய் நிக்கிறதுதான் கொஞ்சம் ஒரு மாதிரி. பரவாயில்ல, போறேன்.

— உன் முழங்காலுக்கு நாலு கிலோமீட்டரே ஜாஸ்தி. வேணாம். கார்புரேட்டரை இன்னொரு தடவை பார்த்துடேன்.

— அக்கா, நெருப்பு வரல. நெருப்பு. பிளக் புதுசு, காயில் நல்லது, வயர் நல்லது. இதுக்கு மேல ஒரு வண்டியில என்னதான் இருக்கு?

— என்னைக் கேட்டா? நான் விளக்குப் பிடிக்கிறவ. காபி ஆறுது பாரு.

— இரு. இரு இரு. கைப்பிடிக்குப் பக்கத்துல விளக்கைக் காட்டு. இந்தச் சிவப்புப் பொத்தான் ஏன் உள்ள போயிருக்கு? அவசரத்துக்கு நிறுத்தற பொத்தான் இது. அழுத்தியிருந்தா செத்தாலும் நெருப்பு வராது. காலையிலேர்ந்து இதை நான் பார்க்கவே இல்ல.

— முறையில அது எத்தனாவது?

— யாரு இதை அழுத்தினது?

— வெளிய இழுத்துட்டு, கயிறைச் சுண்டிப் பாரு.

— ஓடுது. அக்கா, ஒரே இழுப்பு. கேட்டியா சத்தத்தை? சிங்கம் மாதிரி. பெட்ரோல் கேனைப் பின்னால கட்டு, நீயும் ஏறிக்கோ. மூணு மணிக்குள்ள மேட்டுல இருப்போம். மாரெத் மூஞ்சியைப் பார்க்கணும் இன்னைக்கு.

— அணை.

— போற வழியில பேசலாம்.

— அணைடா, ஆஸ்லத்.

— அணைச்சாச்சு. சொல்லு, என்ன?

— பொத்தானை அழுத்தினது நான்தான். நீ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி.

— நீயா? கூட்டம் அங்க நிக்குது, ஆறு உடையப் போகுது, நீ இங்க என்னோட விளையாடிக்கிட்டு இருக்கியா?

— கூட்டம் நிக்கல. காலையில மாரெத் எனக்குப் போன் பண்ணினா. இஸ்கோவோட மணி மானை முன்னால விட்டு, அவன் கூட்டத்தோட நம்ம கூட்டத்தையும் சேர்த்து ஆத்துல இறக்கறாங்க. என் மானும் அதுல போகுது. உன்னோடதும் போகுது, அது யாரு தலைவர்னு பார்த்து நடக்கிறதில்ல.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம? நான் தலைவன். அவ என் பொண்டாட்டி.

— கரையேறினதும் இஸ்கோ குழுவிலேயே சேர்ந்துக்கப் போறாளாம். அவ மான், அவ காதுவெட்டு, யாரும் தடுக்க முடியாது. நானும் சரின்னுட்டேன். இலையுதிர் காலத்துல மானுங்களை வேலிக்குள்ள ஓட்டி ஆளாளுக்குப் பிரிக்கும்போது வந்து உன் வெட்டு இருக்கிறதைப் பார்த்துப் பிடிச்சுக்கோன்னு சொல்லச் சொன்னா.

— வீட்டுக்கு எப்ப வருவாளாம்?

— அதைப் பத்தி அவ பேசல. என்கிட்ட கேட்டுக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான், கடைசி மான் கரையேறுற வரைக்கும் உன் வண்டிச் சத்தம் அந்த ஆத்துப் பக்கம் கேட்கக் கூடாதுன்னு. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும்னா. மணி இப்ப பன்னெண்டரை, தம்பி. இனி நீ போகலாம்.