எழுதி வாங்கிய செவ்வாய் தோஷம்

பசறையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் சொன்னார்:

“எம் மக ஜாதகத்துல செவ்வாய் தோஷமே இல்லக்கா. நான்தான் ஜோசியருகிட்ட சொல்லி எழுத வச்சேன்.”

“ஐயையோ! எதுக்குடி?”

“எங்க வீட்டுக்காரரு ஒரு குடிகாரனுக்குப் புள்ளையக் குடுக்கறேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. தோஷம்னதும் அவங்க ஓடிட்டாங்க.”

“இப்பப் பார்த்திருக்க பையன்?”

“தங்கமான புள்ள. எம் மகளுக்கும் புடிச்சிருக்கு. ஆனா அவனுக்கும் செவ்வாய் தோஷமாம். பொருத்தம் பிரமாதம்னு இவரு குதிக்கிறாரு.”

“அவனுக்கு நெசமாவே தோஷம் இருந்தா ஒம் மக கதி?”

“அதான் ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. நேத்து பையன் வீட்டுக்கே போயி, அவங்க அம்மாகிட்ட உண்மையச் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“கதவச் சாத்திட்டு வந்து, ‘மெதுவாப் பேசுங்க. எங்க நாத்தனா மகளத் தட்டிக் கழிக்க நானும் எழுத வச்சதுதான்’னாங்க.”

நான் இருமுவதுபோலச் சிரிப்பை மறைத்துக்கொண்டேன்.

“ஒம் புருஷனுக்குத் தெரியுமா?”

“அவரா? ரெண்டு தோஷமும் ஒண்ண ஒண்ணு அழிச்சிருச்சுன்னு லயத்துல வீடு வீடாச் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. ஜோசியம் பொய்யே சொல்லாதாம்.”