அறுபது நாவல் படித்தவர்

சித்தூரிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் நூலக முத்திரை குத்திய நான்கு தமிழ் நாவல்கள்.

“எங்கூட்டுக்காரரு போன வருசம் அறுபது நாவல் படிச்சிருக்காருங்க்கா. இத்தன நாளா அது அவருக்கே தெரியாது.”

“அதெப்படி அம்மிணி?”

“ஒரு கார்டுக்கு ரெண்டு புஸ்தகந்தான் குடுப்பாங்க. எனக்குப் பத்துமா? அவரு பேருலயும் ஒரு கார்டு போட்டு நானே எடுத்துட்டு வந்தேன். இப்ப லைப்ரரியில அவருதான் நெம்பர் ஒன் வாசகராமா. வாயனா தினம்னு மலையாளத்துல வாசிப்பு நாள் வருதில்ல, அன்னிக்கு, மேல இருக்கற இந்த நாவலைப் பத்திக் காலேஜ் புள்ளைங்ககிட்டப் பேசக் கூப்புட்டிருக்காங்க.”

“அய்யோ! உண்மையச் சொல்லிட்டாரா?”

“எங்க? பொன்னாடை போடுவாங்கன்னதும் வாறேன்னுட்டாரு. நான் கதையச் சொல்லச் சொல்ல, தென்னைக்குத் தண்ணி கட்டிக்கிட்டே மனப்பாடம் பண்றாரு.”

மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை. “படிச்சது நீ, பொன்னாடை அவருக்கா?”

“அதனாலதானுங்க்கா, கதையில வர்ற பொண்ணு கடைசியில கெணத்துல விழுந்து செத்துட்டான்னு சொல்லிக் குடுத்திருக்கேன்.”

“சாகலையா?”

“அவ எங்க சாகறா? வக்கீலாகி, புருசனையே கூண்டுல ஏத்தறா. காலேஜ் புள்ளைங்களுக்கு இதுதானுங்க்கா பாடப் புஸ்தகம்.”