ராகு காலத்தில் வந்த இடம்

நாகரத்தினம் ஆன்ட்டி வைக்கும் ரசத்துக்காகவே டெக்சாஸின் சுகர் லேண்டில் குடியிருக்கலாம். அந்த வீட்டின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆன்ட்டியின் மகள் யாமினியும் நானும் ஒரே வகுப்பு. மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகத்தில் இருவருமே கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு விண்ணப்பித்தோம். அவளுக்கு இந்த வேலைகள் அலுப்பு. விண்ணப்பத்துக்கென்று தனி மின்னஞ்சல் தொடங்கியதும் கவனித்துக்கொண்டதும் நான்தான். கடவுச்சொல் அவளுக்கே நினைவிருக்காது. உதவி செய்வது என் சுபாவம்.

முடிவு வந்தது செவ்வாய்க்கிழமை, ராகு காலத்தில். ஆன்ட்டி கோயம்புத்தூர்க்காரர். இந்திய ராகு காலம், டெக்சாஸ் ராகு காலம் இரண்டையும் அனுசரிப்பார். எது செல்லுபடியாகும் என்று தெரியாததால் ரிஸ்க் எடுப்பதில்லை. யாமினி லேப்டாப்பைத் தொட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பத் தொறந்தா வெளங்காது. ரஞ்சித்து, நீ உன்ற போன்ல பாரு கண்ணு. நீ பாத்தா அந்தத் தோஷம் எங்களுக்குச் சேராது."

"அம்மா, தட் மேக்ஸ் நோ சென்ஸ்."

"நீ சும்மா இருடி."

பார்த்தேன். அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. என்னைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வீட்டுக்கே வந்திருந்தேன்.

"இல்ல ஆன்ட்டி" என்றேன்.

நான் எதையும் எடுக்கவில்லை, அழிக்கவில்லை. இரண்டு சொல் சொன்னேன், அதில் ஒன்று ஆன்ட்டி. யாமினி தானே திறந்து பார்ப்பாள், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சிரித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள். ஆன்ட்டி லேப்டாப்பை மூடினார்.

"அதத் தொறந்து பாத்து எதுக்கு அழுவோணும்? இனி இந்த வீட்டுல அந்தப் பேச்சே வேண்டாம்."

ராகு காலம் முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மே மாதம் வரை அந்த இடம் அவளுக்காகக் காத்திருந்தது. பல்கலைக்கழகம் மரியாதையாக நினைவூட்டிக்கொண்டே இருந்தது. அவள் மனம் நோகக் கூடாதென்று எல்லாவற்றையும் நானே படித்தேன். கெடு முடிந்தது. ஜூனில் எனக்கு இடம் வந்தது. அது அவள் விட்ட இடம்தான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அது அவள் இடம் இல்லை என்று நிரூபிக்க நானும் முயன்று பார்த்துவிட்டேன், முடியவில்லை.

ஆன்ட்டி கேசரி கிண்டி எடுத்துவந்தார். என் பெட்டிகளைக் காரில் ஏற்றிய யாமினி, "அட் லீஸ்ட் ஒன் ஆஃப் அஸ்" என்றாள். இப்போது யார் கேட்டாலும் இடம் தரும் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறாள். யாராவது கேட்டால், "வீட்டுச் சாப்பாட்ட விட்டுப் போக மாட்டேனுட்டா" என்கிறார் ஆன்ட்டி. நானும் தலையாட்டுகிறேன். அன்றிலிருந்து எனக்குக் கேசரி தொண்டையில் இறங்குவதில்லை. தண்டனையே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இந்த வருடம் அவள் தம்பி க்ரிஷின் முறை. நேற்று ஆன்ட்டி போன் செய்தார்.

"போன தடவ கெட்ட சேதின்னாலும் மறைக்காமச் சொன்னவன் நீதான். இவனுக்கும் நீயே பாத்துச் சொல்லோணும் கண்ணு."

சம்மதித்தேன். செய்ததைச் சரிசெய்ய இதைவிட நல்ல வாய்ப்பு வராது. இந்த முறை உள்ளதை உள்ளபடி சொல்வேன். என் தம்பியும் இந்த வருடம்தான் விண்ணப்பிக்கிறான்; எந்தத் துறைக்கு என்று மட்டும் அவனிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.