வெறும் வயிறு

யும்னா: அதான் சொன்னேனே சிஸ்டர், பாப்பா இன்ஷா நேத்து ராத்திரி சாப்பிட்டதுதான்.

வித்யா: காலையில ஒண்ணும் குடுக்கலையே?

யும்னா: இல்ல.

ரவூப்: கவுண்டர்ல கேட்டாங்க, டாக்டர் கேட்டாரு, இப்ப நீங்க... போலீஸ்கூட இவ்ளோ கேக்காது லா.

வித்யா: கேக்கத்தான் சம்பளம் அண்ணே.

ரவூப்: தூங்க வைக்காம ஸ்கேன் எடுக்க முடியாதா? நான் கையப் புடிச்சுக்கிறேன்.

வித்யா: மூணு வயசுப் புள்ள... அந்த மெஷின் போடுற சத்தத்துல அசையாம படுக்குமா?

ரவூப்: செம்பவாங் கப்பல் பட்டறையில சுத்தியல் சத்தத்துலயே தூங்குற ஆளு நான். எம்மவளாச்சே...

யும்னா: சும்மா இருங்க மச்சான்.

ரவூப்: ...எந்திரிச்சிருவாள்ல சிஸ்டர்?

வித்யா: எந்திரிப்பா. மயக்க டாக்டர் பக்கத்துலயே நிப்பாரு. மூச்சு, நாடி எல்லாம் பாத்துக்கிட்டே இருப்போம். வயிறு மட்டும் காலியா இருக்கணும்.

ரவூப்: கொஞ்சம் ஏதாச்சும் இருந்தா?

வித்யா: மயக்கத்துல வாந்தி வந்தா புள்ளையால இரும முடியாது. நேரா நுரையீரலுக்குள்ள போயிரும்.

ரவூப்: நுரையீரலுக்குள்ளயா?

வித்யா: ஏன் அண்ணே கேக்குறீங்க?

யும்னா: அவருக்கு ராத்திரி தூக்கமில்ல சிஸ்டர். நீங்க பாப்பாவ உள்ள கூட்டிட்டுப் போங்க.

ரவூப்: இரு யும்னா. சிஸ்டர்... ஓதின பால் சாப்பாட்டுல சேருமா?

வித்யா: ஓதின பாலா?

ரவூப்: விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு, டன்லப் ஸ்ட்ரீட் பள்ளிவாசல்ல ஹஜ்ரத்துகிட்ட ஓதி ஊதி வாங்கிட்டு வந்தேன். வலிப்பு திரும்ப வரக் கூடாதுன்னு. தண்ணின்னா துப்பிருவா, அதான் பால்ல... அது பரக்கத்து, அருளு, சாப்பாடு இல்லன்னு நெனச்சேன்.

வித்யா: எவ்ளோ குடிச்சா?

ரவூப்: ஒரு பாட்டில். முழுசா.

வித்யா: பரக்கத்து இருக்கட்டும் அண்ணே. வயித்துக்கு அது பால்தான். இன்னைக்கு மயக்கம் குடுக்க முடியாது.

ரவூப்: எவ்ளோ நாளாக் காத்துக் கெடந்து வாங்குன தேதி... அடுத்த தேதிக்குள்ள மறுபடி வலிப்பு வந்தா?

வித்யா: வந்தா ஒடனே எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டு வாங்க. சீக்கிரமா ஒரு தேதி கெடைக்குமான்னு டாக்டர்கிட்ட நான் கேக்குறேன். இப்பவாச்சும் சொன்னீங்களே.

ரவூப்: மன்னிச்சிரு யும்னா. ஒனக்குத் தெரியாம குடுத்துட்டேன்.

யும்னா: தெரியாமலா... கெளம்பும்போது அவ சட்டையில பால் வாடை அடிச்சுது. தேதி போயிருமேன்னு நான்தான் மச்சான், வேற சட்டை மாத்திக் கூட்டிட்டு வந்தேன்.