கிளை அசையாமல் இருக்க

பூச்சியைப் படம் எடுக்க வேண்டுமென்றால் வெயில் ஏறுவதற்குள் எழுந்துவிட வேண்டும் ஐயா. விடியற்காலைக் குளிரில் அவற்றுக்கும் சோம்பல் இருக்கும், பக்கத்தில் போனாலும் பறக்காது. அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் லாக்கப்பிலும் இன்று இருட்டோடு விழித்துக்கொண்டேன். பார்ப்பதற்கு ஒரு பல்லியைத் தவிர இங்கே ஒன்றுமில்லை.

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ். "அசையாதீங்க, அசையாதீங்க" என்று சொல்லியே என் வாய் அலுத்துவிட்டது. கேமரா முன்னால் உட்கார்ந்ததும் மனிதர்கள் வேறு ஆளாகிவிடுகிறார்கள். பூச்சிக்கு அந்தப் பாசாங்கு கிடையாது. அதனால்தான் வீட்டுக் கொல்லையில் இருக்கிற ஒரு முருங்கையையும் ஒரு கறிவேப்பிலையையும் வைத்து இத்தனை வருஷம் ஓட்டினேன். எனக்கு ஒரே ஒரு விதி உண்டு. எதையும் தொட மாட்டேன். சிலந்தி வலையில் தேனீ மாட்டினால் விடுவிக்க மாட்டேன், படம் எடுப்பேன். இரக்கமில்லாதவன் என்று என் மனைவி சுந்தரம்மாள் சொல்வாள். பார்க்க வந்தவனுக்கு நடுவில் புக என்ன உரிமை என்று நான் கேட்பேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய தம்பி தவசியைத்தான் அவள் பிள்ளையாக வளர்த்தாள். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை அவனுக்கு. திங்கட்கிழமை ஜீப்பில் ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம் இறங்குவான். நல்ல பையன், அதை நான் மறுக்கவில்லை. வருகிற தையில் அவனுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். என்னைக் கேலி செய்யாமல் அவனுக்குப் பொழுது போகாது.

"மச்சான், பொண்ணு மாப்பிள்ளையப் படம் புடிச்சா சரி. இந்தப் புழுவ எதுக்குப் புடிக்கிறீக? அதுக்கு வரன் பாக்கப் போறீகளா?" என்பான். நானும் சிரிப்பேன்.

ஐப்பசி மழையில் முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். காய்கிற துணியில் அது விழுந்து சுந்தரம்மாளுக்குக் கழுத்தெல்லாம் தடித்துவிடும். போன வருஷம் அவள் புலம்பினாள் என்று தவசி தோட்டத்து மருந்தைக் கொண்டுவந்து அடித்தான். மறுநாள் காலையில் கேமராவோடு போனேன். கம்பளிப்பூச்சி மட்டுமில்லை, கும்பிடுபூச்சி, பொறிவண்டு, எறும்பு வரைக்கும் தரையில் கிடந்தன. அவள் விளக்குமாற்றை எடுத்து முறத்தில் அள்ளிக் கொட்டினாள். அதற்கப்புறம் பல மாதம் கொல்லையில் ஒன்றும் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்த வருஷம் கறிவேப்பிலையில் ஒரு வண்ணத்துப்பூச்சிப் புழு கூடு கட்டியிருந்தது. முட்டையிலிருந்தே நான் பார்த்து வந்தது. உள்ளே இறக்கையின் கறுப்பு தெரிய ஆரம்பித்த அன்றுதான் தவசி மலையிலிருந்து இறங்கினான்.

"ஏங்க, மறுபடி மேலெல்லாம் தடிச்சுப்போச்சு. தவசிகிட்ட மருந்து கொண்டாரச் சொல்லியிருந்தேன், கொண்டாந்துட்டான்" என்றாள் சுந்தரம்மாள்.

தவசி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒங்க கருவேப்பிலச் செடிய சாக்கப் போட்டு மூடிர்றேன் மச்சான். அதுல ஒரு சொட்டு படாது" என்றான். அப்படிச் சொன்னான்தான். சாக்கு உரசினால் கூடு அறுந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அதை அவனிடம் சொல்லியிருக்கலாம்.

அவன் இரண்டு பாட்டில் கொண்டுவந்திருந்தான். ஒன்று மருந்து. இன்னொன்று மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளாக் கடையில் வாங்கிய சாராயம். இங்கே மதுவிலக்கு, போதாததற்கு அக்காவுக்கும் பயம், அதனால் கொல்லையில் விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளித்துவைப்பான். மருந்து பாட்டிலையும் அதன் பக்கத்திலேயே வைத்திருந்தான். இரண்டும் ஒரே மாதிரி பழுப்பு அரிஷ்ட பாட்டில். மருந்தடிக்கிறவர்கள் மாறிவிடாமல் இருக்க மருந்து பாட்டில் கழுத்தில் சணல் கட்டுவார்கள். கண்ணால் பார்க்க வேண்டாம், கையால் தடவினால் தெரிந்துவிடும். நாற்றத்தில் தெரியாதா என்று கேட்டீர்கள். வாரம் முழுக்க மருந்தடித்து இறங்குகிறவனுக்கு மூக்கு செத்துப்போயிருக்கும். சோறே மருந்து வாடைதான் அடிக்கிறது என்று அவனே சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுந்தரம்மாள் குழாயடிக்குப் போயிருந்தாள். மலைக்காற்று இறங்கி கறிவேப்பிலைக் கிளை ஆடிக்கொண்டிருந்தது. கிளை ஆடினால் படம் கலங்கிவிடும், பக்கத்தில் ஒரு குச்சி நட்டுக் கிளையை அதில் கட்ட வேண்டும். கட்டுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். என் பையில் நூல்கண்டு இருந்ததை நீங்கள் எடுத்துக் காட்டினீர்கள். சரி, இருந்தது. ஆனால் சணல் இறுக்கமாக நிற்கும். விறகுக்குப் பின்னால் கையை விட்டு, மருந்து பாட்டிலின் சணலை அவிழ்த்துக்கொண்டேன். பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்தேன். சரியாகச் சொன்னால், சற்று முன்னால் வைத்தேன்.

தவசி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். "இன்னும் முழிக்கலையா ஒங்க புழு? மத்தியானத்துக்குள்ள மருந்தடிச்சிருவேன் மச்சான், வெரசா எடுத்துக்கங்க" என்றான். விறகுக்குப் பின்னால் கையை விட்டான். விரலால் பாட்டிலின் கழுத்தைத் தடவிப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள் என்கிற மாதிரி. அண்ணாந்து ஒரே மடக்காகக் குடித்தான்.

அப்போது கூடு வெடிக்க ஆரம்பித்திருந்தது ஐயா. அந்த நேரத்தில் மூச்சுக்கூட விடக் கூடாது. கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன், அதனால் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. வாயில் எச்சில் வழிந்தது. கண்மணி கடுகளவாகச் சிறுத்துவிட்டது. கால் இழுத்து இழுத்து உதறியது. மருந்து பட்ட வெட்டுக்கிளிக்கும் அப்படித்தான், பின்னங்கால்தான் கடைசியில் ஓயும். தண்ணீர்க் குடத்தோடு வந்த சுந்தரம்மாள் குடத்தைப் போட்டுவிட்டு அலறினாள். பக்கத்து வீட்டு மலைச்சாமி ஓடிவந்தார். அவன் குடிப்பது தெருவுக்கே தெரியும். "ஏத்திக்கிட்டான் போல. மோரு கொண்டா ஆத்தா, தெளிஞ்சிரும்" என்றார். தலையில் தண்ணீர் ஊற்றி, நிழலில் கிடத்தி, மோரைப் புகட்டினார்கள். அவள் என்னைப் பார்த்து, "என்னங்க இவனுக்கு? நீங்க இங்கனதான இருந்தீக?" என்று கேட்டாள்.

"சாராயம் கூடிப்போச்சு" என்றேன்.

பாட்டிலை மோந்து பார்த்து மலைச்சாமி கத்தியபோதுதான் ஜீப் தேடி ஓடினார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவனுக்கு உயிர் இருந்தது என்றார்கள். நான் கூடப் போகவில்லை. வண்ணத்துப்பூச்சி வெளியே வந்து இறக்கையை உலர்த்திக்கொண்டிருந்தது. அழகாக இருந்தது. அது பறந்துபோன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

சுந்தரம்மாள் என்னோடு பேசுவதில்லை. நேற்று ஸ்டேஷன் வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனாளாம். அவளை நினைத்தால் எனக்கு மனசு வலிக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் யாருக்கும் எதையும் ஊற்றிக் கொடுக்கவில்லை. தடுக்கவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருஷமாக எந்த உயிரிடமும் எப்படி இருந்தேனோ அப்படித்தான் இதிலும் இருந்தேன்.

அந்தப் படத்தைத்தான் கேட்கிறீர்கள். வாய் திறக்க முடியாத அளவுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன் என்கிற அந்தப் படம். கேட்டுக்கேட்டு உங்களுக்கும் அலுத்துவிட்டது, எனக்கும் அலுத்துவிட்டது. படம் இல்லை ஐயா. பிலிம் ரோல் வெள்ளிக்கிழமையே தீர்ந்துவிட்டது, கேமராவை வெறுமனேதான் கொண்டுபோனேன்.